விபிஎன் எதை மறைக்கும், எதை மறைக்காது?

போன தீபாவளிக்குத் திருவெறும்பூரில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். இபி பில் கட்டித் தரச் சொல்லிப் போனை என் கையில் கொடுத்தார். திரையின் மேல் ஓரத்தில், சிக்னல் கோடுகளுக்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு சாவிப் படம் தெரிந்தது.

"என்ன சித்தி, விபிஎன் போட்டிருக்கீங்களா?"

"ஆமாப்பா. யூடியூப்ல விளம்பரம் வந்துச்சு. அதைப் போட்டுட்டா நாம போன்ல என்ன பண்றோம்னு ஒருத்தருக்கும் தெரியாதாம். பேங்க் ஆப்பைத் திறக்கறப்பல்லாம் மொதல்ல அதை ஆன் பண்ணிட்டுத்தான் திறப்பேன்."

சித்தி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. விவரம் தெரியாமல் எதிலும் இறங்குகிறவர் இல்லை. அவர் தெருவிலேயே ஒருவர் போனில் வந்த அழைப்பை நம்பிப் பணத்தை இழந்திருந்தார். அதைப் பார்த்த பயம் அவருக்கு. பயம் நியாயமானது. அந்தப் பயத்துக்கு வேறு நோயின் மருந்தைக் கொடுத்துவிட்டார்களே என்பதுதான் என் வருத்தம்.

விபிஎன் என்பது நம் இணைய இணைப்பை வேறொருவரின் கணினி வழியாகச் சுற்றி அனுப்பும் ஏற்பாடு. சித்தி போட்டிருந்த செயலியை யார் நடத்துகிறார்கள் என்று பார்த்தேன். ப்ளே ஸ்டோரில் கேள்விப்படாத ஒரு பெயரும் ஒரு ஜிமெயில் முகவரியும் மட்டும் இருந்தன. எந்த நாடு என்றுகூட இல்லை. எட்டு மாதமாக, அது ஆன் ஆகியிருந்த நேரமெல்லாம், சித்தியின் போனிலிருந்து புறப்பட்ட ஒவ்வொரு இணைப்பும் அந்த முகம் தெரியாதவர்களின் கணினியைக் கடந்துதான் போயிருக்கிறது. அன்று மாலை உட்கார்ந்து அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

அஞ்சலட்டையும் உறையும்

இணையத்தில் நாம் அனுப்புவதெல்லாம் பல கைகள் மாறித்தான் போய்ச் சேர்கிறது. வீட்டு வைஃபை பெட்டி, இணைப்பு கொடுத்த நிறுவனம், அதற்கு மேலுள்ள பெரிய நிறுவனங்கள், கடைசியில் நாம் தேடிய தளம். தபால் போகிற மாதிரிதான். தபால் பெட்டியில் போட்ட கடிதம் உள்ளூர் அஞ்சலகம், ரயில், அந்த ஊர் அஞ்சலகம், தபால்காரர் என்று கைமாறுகிறது.

பழைய இணையத்தில் பெரும்பாலான தளங்கள் அஞ்சலட்டையைப் போல இருந்தன. வழியில் யார் கையில் கிடைத்தாலும் புரட்டிப் படிக்கலாம். முகவரிக்கு முன்னால் 'எச்டிடிபி' என்று மட்டும் இருந்த காலம் அது. 2010இல் ஃபயர்ஷீப் என்றொரு சிறு மென்பொருள் வெளியானது. காபிக் கடையின் திறந்த வைஃபையில் அதை ஓட்டினால், அதே வைஃபையில் இருக்கும் மற்றவர்களின் ஃபேஸ்புக் கணக்குகள் பட்டியலாக வரும். ஒன்றைத் தட்டினால் அவராகவே உள்ளே நுழைந்துவிடலாம். இணையம் எவ்வளவு திறந்து கிடக்கிறது என்று காட்டுவதற்காகவே அதை எழுதியவர் வெளியிட்டார். அந்த நாட்களில் பொது வைஃபையில் விபிஎன் போடு என்று சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள்.

அதன் பிறகு நிலைமை மாறிவிட்டது. தளங்கள் ஒவ்வொன்றாக 'எச்டிடிபிஎஸ்' என்ற முறைக்கு வந்தன. அதாவது அஞ்சலட்டையை விட்டு ஒட்டிய உறைக்கு மாறின. அதற்கு வேண்டிய சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு 2015 டிசம்பரில் இருந்து எல்லாருக்கும் இலவசமாகவே கொடுக்கத் தொடங்கியது. 2018 ஜூலையில் கூகுள் குரோம், உறையில்லாத தளங்களுக்கெல்லாம் 'பாதுகாப்பற்றது' என்று முத்திரை குத்த ஆரம்பித்தது. இன்று உங்கள் வங்கி, மின்னஞ்சல், கடை, செய்தித்தளம் எல்லாமே உறைக்குள்தான். சித்தி வங்கிச் செயலியைத் திறக்கும்போது கடவுச்சொல்லும் கணக்கு இருப்பும் விபிஎன் இல்லாமலே பூட்டப்பட்டுத்தான் போகின்றன. பக்கத்து இருக்கைக்காரர் அதே வைஃபையில் இருந்தாலும் அதைப் படிக்க முடியாது.

இந்த மாற்றத்தை விபிஎன் விளம்பரங்கள் சொல்வதில்லை. பிரிட்டனில் 2019இல் நார்ட்விபிஎன் என்ற விபிஎன் நிறுவனம் ஒரு தொலைக்காட்சி விளம்பரம் போட்டது. பொது வைஃபையில் இருந்தால் நம் தகவல்களைத் திருடர்கள் அள்ளிக்கொண்டு போவார்கள் என்ற எண்ணத்தை அது உண்டாக்கியது. ஆபத்தை மிகைப்படுத்துகிறது என்று சொல்லி அந்நாட்டின் விளம்பரத் தர அமைப்பு அதைத் தடுத்தது.

உறைக்கும் ஒரு குறை உண்டு. உள்ளே இருப்பதை மறைத்தாலும் மேலே எழுதிய முகவரி எல்லார் கண்ணிலும் படும். நீங்கள் ஒரு மருத்துவமனையின் தளத்துக்குப் போனால், எந்த நோயைப் பற்றிப் படித்தீர்கள் என்பது இணைப்பு கொடுக்கும் நிறுவனத்துக்குத் தெரியாது. அந்த மருத்துவமனையின் தளத்துக்குத்தான் போனீர்கள், எத்தனை மணிக்குப் போனீர்கள், எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்பதெல்லாம் தெரியும். சில சமயம் மருத்துவமனையின் பெயரே போதும். புற்றுநோய்க்கென்றே இருக்கும் மருத்துவமனை என்றால் படித்த பக்கம் எதுவாயிருந்தால் என்ன?

மதுரை மாமா

விபிஎன் உதவுவது இங்கேதான். மதுரையில் உங்களுக்கு ஒரு மாமா இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதிய கடித உறையை இன்னொரு பெரிய உறைக்குள் போட்டு, மாமா முகவரி எழுதி அனுப்புகிறீர்கள். அவர் வெளி உறையைப் பிரித்து, உள்ளே இருப்பதை அங்கே தபாலில் சேர்க்கிறார். பதில் வந்தால் அதையும் ஒரு பெரிய உறையில் போட்டு உங்களுக்கு அனுப்புகிறார்.

உங்கள் ஊர் அஞ்சலகத்துக்கு இப்போது என்ன தெரியும்? இவர் மதுரைக்கு ஓயாமல் எழுதுகிறார் என்பது மட்டும். கடிதம் கிடைத்தவருக்கு? மதுரை முத்திரை மட்டும். உங்கள் போனுக்கும் விபிஎன் நிறுவனத்தின் கணினியான சர்வருக்கும் நடுவே உள்ள வழி முழுக்க, பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்படுகிறது. இணைப்பு கொடுக்கும் நிறுவனமும் வைஃபை வைத்திருப்பவரும் நீங்கள் போகிற தளத்தின் பெயரைப் பார்க்க முடியாது. அந்தத் தளமோ உங்கள் ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பைக் காட்டும் எண்ணை, பார்க்க முடியாது. விபிஎன் செய்கிற வேலை இந்த இரண்டுதான். அதைச் சரியாகவே செய்கிறது.

இதில் மாமாவை மறந்துவிடக் கூடாது. கடிதம் யாரிடமிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியும். யாருக்குப் போகிறது என்றும் தெரியும். இரண்டு நுனியையும் ஒருசேரப் பார்க்கிற ஒரே ஆள் அவர்தான். முன்பு உங்கள் ஊர் அஞ்சலகத்திடம் இருந்த அறிவு முழுவதும் இப்போது அவர் மடியில் இருக்கிறது. உங்கள் இணைப்பு நிறுவனத்துக்காவது ஊரில் ஓர் அலுவலகம் உண்டு. கைக்கெட்டும் தூரத்தில் சட்டம் உண்டு. ப்ளே ஸ்டோரில் கிடைத்த மாமாவுக்கு?

பெயரை வைத்துக் குழம்ப வேண்டாம். அலுவலகத்தில் கொடுக்கும் விபிஎன் வேறு நோக்கத்துக்கானது. வீட்டிலிருந்து வேலை செய்கிறவரைக் கம்பெனியின் உள் வலையமைப்போடு இணைப்பதற்காகத்தான் இந்தத் தொழில்நுட்பமே உருவானது. அங்கே மாமா உங்கள் முதலாளி. அலுவலக விபிஎன்னைப் போட்டுக்கொண்டு சொந்த விஷயங்களைத் தேடினால், அது முதலாளியின் கணினி வழியாகப் போகக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள்.

கையெழுத்து மாறாது

மதுரை முத்திரையோடு கடிதம் வருகிறது. உள்ளே கடைசி வரியில் உங்கள் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள். வாங்கியவருக்கு யார் எழுதியது என்று தெரியாமல் போகுமா?

விபிஎன்னை ஆன் செய்துவிட்டு ஜிமெயிலில் நுழைவது இதுதான். கூகுளுக்கு நீங்கள் நெதர்லாந்து ஐபியில் இருந்து வந்தாலும் நீங்கள்தான். ஃபேஸ்புக்கும் அமேசானும் அப்படியே. புதிதாகக் கருவுற்ற ஒரு பெண் கூகுள் கணக்கில் நுழைந்த நிலையிலேயே அதைப் பற்றி நாலு கேள்வி தேடுகிறாள் என்றால், அந்தத் தேடல்கள் அவள் கணக்கில்தான் போய்ச் சேரும். வீட்டில் யாருக்கும் சொல்லும் முன்பே குழந்தைத் துணி விளம்பரம் அவள் திரையில் வந்து நிற்கலாம். விபிஎன் போட்டிருந்தாலும் அதேதான் நடக்கும். ஐபி முகவரி என்பது உங்களைப் பற்றித் தளங்களுக்குத் தெரிந்த பல அடையாளங்களில் ஒன்று. அதுவும் பலவீனமான ஒன்று.

கையெழுத்துப் போடாமலிருந்தால்? குக்கிகள் இருக்கின்றன. ஒரு தளம் உங்கள் பிரௌசரில் விட்டுவைக்கிற சின்னச் சீட்டு அது. அடுத்த முறை நீங்கள் எந்த ஊர் முத்திரையோடு வந்தாலும் சீட்டைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளும். விளம்பர நிறுவனங்கள் பல தளங்களிலும் தங்கள் நிரலைப் பதித்திருப்பதால், ஒரு தளத்தில் பார்த்த உங்களை மற்றொன்றிலும் தொடர முடிகிறது.

குக்கிகளை அழித்துவிட்டாலும் எழுத்தின் சாய்வு மிஞ்சும். உங்கள் திரையின் அளவு, கணினியில் உள்ள எழுத்துருக்கள், மொழி அமைப்பு, நேர மண்டலம், படம் வரையும் விதத்தில் உள்ள சிறு வேறுபாடுகள் எல்லாவற்றையும் தளங்கள் கேட்டு வாங்க முடியும். தனித்தனியே எடுத்தால் ஒன்றுமில்லை. சேர்த்துப் பார்த்தால் அநேகமாக ஒரு ஆளுக்குத்தான் பொருந்தும். அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற இணைய உரிமை அமைப்பு 2010இல் இதைச் சோதித்தது. சோதனைக்கு வந்த பிரௌசர்களில் 83.6 சதவீதத்துக்கு வேறெதனோடும் ஒத்துப்போகாத தனி அடையாளம் இருந்தது. ஐபி முகவரியைப் பார்க்காமலேயே கிடைத்த கணக்கு இது. விபிஎன் போட்டால் சில சமயம் இன்னும் தனித்துத் தெரிவோம்: ஐபி நெதர்லாந்து என்கிறது, கடிகாரம் இந்திய நேரம் காட்டுகிறது, மொழி தமிழ் என்கிறது. இப்படி ஒருவர் கூட்டத்தில் மறைய முடியுமா?

போன் செயலிகள் இன்னும் நெருக்கமானவை. ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு போனுக்கும் ஒரு விளம்பர அடையாள எண் உண்டு. இருப்பிட அனுமதி கொடுத்திருந்தால் செயலி ஜிபிஎஸ் வழியாக நீங்கள் நிற்கிற தெருவையே அறியும். தொடர்பு எண்களுக்கு அனுமதி கொடுத்திருந்தால் உங்கள் உறவினர் பட்டியல் முழுவதும் போய்விடும். இவையெல்லாம் நாம் கடிதத்துக்குள் நம் கையாலேயே எழுதி அனுப்புகிறவை. வெளி உறையை எத்தனை முறை மாற்றினாலும் உள்ளே எழுதியது எழுதியதுதான்.

நம் ஊரில் இதற்கெல்லாம் மேலே மொபைல் எண் இருக்கிறது. ரயில் நிலைய இலவச வைஃபையில் நுழைய எண்ணைக் கொடுத்து ஓடிபி வாங்க வேண்டும். ஜவுளிக்கடை பில் கவுன்டரில் எண் கேட்கிறார்கள். மருந்துக் கடையில் கேட்கிறார்கள். ஆதார் காட்டி வாங்கிய சிம்மின் எண் அது. எண்ணைக் கொடுத்து வைஃபைக்குள் நுழைந்த பிறகு விபிஎன்னை ஆன் செய்தால், என்னென்ன தளங்களுக்குப் போனீர்கள் என்பது மறையலாம். இந்த நிலையத்தில் இத்தனை மணிக்கு இருந்தது நீங்கள்தான் என்பது ஏற்கெனவே பதிவாகிவிட்டது. என்னைக் கேட்டால், சாதாரண மனிதரின் அந்தரங்கம் அதிகம் கசிவது பில் கவுன்டரில்தான். கடையில் எண் கேட்டால் 'வேண்டாம், எண் இல்லாமலே பில் போடுங்க' என்று சொல்லிப் பழகுவது எந்தச் செயலியைவிடவும் பலன் தரும்.

மாமா எப்படிப்பட்டவர்?

ஒரு சர்வரை நடத்தப் பணம் வேண்டும். மின்சாரம், அலைவரிசை, ஆட்கள் எல்லாவற்றுக்கும் செலவு. அதை இலவசமாகக் கொடுப்பவருக்கு வருமானம் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். காசு கட்டும் வாடிக்கையாளர்களின் பணத்தில் ஓர் அளவோடு இலவசமும் தருகிற நல்ல நிறுவனங்கள் சில உண்டு. மற்றவை எப்படி என்று பார்ப்போம்.

2016இல் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ என்ற அரசு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், வேறு பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து, 283 ஆண்ட்ராய்டு விபிஎன் செயலிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். 18 சதவீதம் மறையாக்கமே செய்யவில்லை. பெரிய உறை என்று சொல்லிவிட்டு வெறும் தாளில் சுற்றி அனுப்பியிருக்கின்றன. 38 சதவீதத்தில் தீநிரலின் (கெடுதல் செய்யும் மென்பொருளின்) அறிகுறிகள் இருந்தன. நான்கில் மூன்று பங்கு செயலிகளுக்குள், பயனரைப் பின்தொடரும் வேற்று நிறுவன நிரல்கள் இருந்தன. கண்காணிப்பிலிருந்து தப்பிக்க ஒருவர் இறக்குகிற செயலிக்குள்ளேயே கண்காணிப்பு இருந்தது. இதைப் படித்த அன்றிலிருந்து யார் இலவச விபிஎன் என்று சொன்னாலும் எனக்குக் கோபம் வருகிறது.

ஓனாவோ என்ற இஸ்ரேலிய நிறுவனத்தை ஃபேஸ்புக் 2013இல் வாங்கியது. அதன் ஓனாவோ புரொடெக்ட் ஓர் இலவச விபிஎன். உங்கள் தகவலைப் பாதுகாக்கும் என்றே விளம்பரப்படுத்தப்பட்டது. அதைப் போட்டவர்கள் எந்தெந்தச் செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்பதை ஃபேஸ்புக் அதன் வழியாகத் தெரிந்துகொண்டு, போட்டிச் செயலிகளை எடைபோட்டது. வாட்ஸ்அப்பின் வளர்ச்சியை அது ஓனாவோ கணக்குகளை வைத்துக் கவனித்து வந்தது, பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு 2018 டிசம்பரில் வெளியிட்ட உள் ஆவணங்களில் தெரிந்தது. ஆப்பிள் 2018இல் தன் ஆப் ஸ்டோரிலிருந்து இந்தச் செயலியை வெளியேற்ற வைத்தது. 2023 ஜூலையில் ஆஸ்திரேலிய நீதிமன்றம், தகவல் எதற்குப் பயன்படும் என்பதை மக்களுக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை என்று ஃபேஸ்புக்கின் துணை நிறுவனங்களுக்கு 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

இன்னும் மோசமான கதை 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை வெளியிட்டது. மாஸ்க்விபிஎன், டியூவிபிஎன் போன்ற இலவச விபிஎன்களைக் கணினியில் நிறுவியவர்களின் இணைப்பையே பின்வாசல் வழியாகக் குற்றவாளிகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். சிக்கிய ஐபி முகவரிகள் 1 கோடியே 90 லட்சத்துக்கும் மேல். மாமா உங்கள் கடிதத்தை அனுப்பியது ஒருபுறமிருக்க, ஊரான் எழுதிய மிரட்டல் கடிதங்களையும் உங்கள் வீட்டு முகவரி போட்டு அனுப்பியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விசாரிக்க வருகிறவர் உங்கள் கதவைத்தான் தட்டுவார்.

'நாங்கள் எந்தப் பதிவும் வைப்பதில்லை' என்று ஏறக்குறைய எல்லா விபிஎன் நிறுவனங்களும் எழுதி வைத்திருக்கின்றன. அந்த வாக்கியத்தை வெளியிலிருந்து சோதிக்க நமக்கு வழியில்லை. யூஎஃப்ஓ விபிஎன்னும் அப்படித்தான் எழுதியிருந்தது. 2020 ஜூலையில் அதன் 894 ஜிபி பதிவுகள் பூட்டில்லாமல் இணையத்தில் கிடந்தன. கடவுச்சொற்களும் பயனர்களின் ஐபி முகவரிகளும் அதில் இருந்தன. 2017இல் அமெரிக்காவில் ஒரு பெண்ணைத் தொடர்ந்து துன்புறுத்திவந்த ஆளைப் பிடிக்க, பியூர்விபிஎன்னின் பதிவுகள் எஃப்பிஐக்கு உதவின. அவன் பிடிபட்டது நல்லது. பதிவே இல்லை என்று சொன்ன இடத்தில் பதிவு இருந்தது என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

நல்ல உதாரணமும் உண்டு. 2023 ஏப்ரல் 18 அன்று சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் முல்வாட் என்ற விபிஎன் நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போலீசார் தேடுதல் ஆணையோடு வந்தார்கள். வாடிக்கையாளர் தகவல் உள்ள கணினிகளை எடுத்துப் போவதாகத் திட்டம். அப்படி எதுவும் எங்களிடம் இல்லை என்று நிறுவனம் விளக்கியதும் வெறுங்கையோடு திரும்பினார்கள். அங்கே கணக்கு தொடங்க மின்னஞ்சல்கூடக் கேட்பதில்லை. ஓர் எண் மட்டும் கொடுப்பார்கள். சேர்த்து வைக்காததை யாரும் பறிக்க முடியாது.

எது நல்ல விபிஎன் என்று இணையத்தில் தேடினால் வரும் மதிப்பீட்டுப் பட்டியல்களையும் கண்ணை மூடி நம்பாதீர்கள். எக்ஸ்பிரஸ்விபிஎன், சைபர்கோஸ்ட், பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ் மூன்றுக்கும் உரிமையாளர் கேப் டெக்னாலஜிஸ் என்ற ஒரே நிறுவனம். விபிஎன்களை மதிப்பிட்டு வரிசைப்படுத்தும் விபிஎன்மென்டார் தளத்தையும் அதே நிறுவனம் 2021இல் வாங்கியது.

சட்டமும் சர்வரும்

இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று ஓர் ஆணை வெளியிட்டது. விபிஎன் நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், ஒதுக்கிய ஐபி, எதற்காகப் பயன்படுத்துகிறார் என்பதுவரை 5 ஆண்டுகளுக்குச் சேமித்து வைக்க வேண்டும். நிறுவனங்களின் உள் உபயோக விபிஎன்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. ஆணை வந்த சில மாதங்களிலேயே எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் எல்லாம் இந்தியாவில் இருந்த சர்வர்களைக் காலி செய்தன. இப்போது அவற்றில் சிலவற்றில் இந்தியக் கொடியைத் தொட்டால் கிடைக்கிற 'இந்திய' முகவரிக்குப் பின்னால் உள்ள கணினி சிங்கப்பூரில் இருக்கும். நிறுவனம் எந்த நாட்டில் இருக்கிறது, சர்வர் எங்கே ஓடுகிறது, அங்கே என்ன சட்டம் என்ற மூன்றும் தனித்தனிக் கேள்விகள்.

இலங்கையில் இருப்பவர்களுக்கு விபிஎன் வேறு வழியில் அறிமுகமானது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்ட வன்முறையின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் 3 அன்றும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. விபிஎன் போட்டவர்கள் உறவுகளைத் தேடவும் செய்தி அறியவும் முடிந்தது. அடைத்த வாசலைச் சுற்றிப் போவதற்கு அது உண்மையான கருவி. அவசரத்தில் கையில் அகப்பட்ட இலவசச் செயலியை இறக்கியவர்கள் பலர், முடக்கம் நீங்கிய பிறகும் அதை அப்படியே போனில் விட்டுவிட்டார்கள். அப்படி ஏதாவது இருந்தால் இன்றே நீக்கிவிடுங்கள்.

சித்தியின் பயம்

சித்தி விபிஎன் போட்டதே வங்கிப் பணத்தை நினைத்து. போனில் கேஒய்சி காலாவதியாகிவிட்டது என்று பேசுகிறவன், 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று வீடியோவில் காக்கிச் சட்டையோடு மிரட்டுகிறவன், கூரியர் பாக்கி என்று லிங்க் அனுப்புகிறவன்—இவர்களில் யாரும் நம் இணைப்பின் நடுவே உட்கார்ந்து உளவு பார்க்கவில்லை. நேராக நம்மிடமே கேட்கிறார்கள். நாமே ஓடிபியைச் சொல்கிறோம். போலித் தளத்தில் கடவுச்சொல்லைத் தட்டினால் விபிஎன் அதையும் பத்திரமாகப் பூட்டித் திருடன் கையில் சேர்க்கும். முகவரிப் பட்டையில் தெரிகிற பூட்டுப் படமும் உறை ஒட்டியிருக்கிறது என்பதற்குத்தான் சாட்சி. வாங்குகிறவர் யோக்கியர் என்பதற்கு இல்லை. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற இந்திய சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்கு அதை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

வங்கிச் செயலிக்கு விபிஎன் இடைஞ்சலாகவும் ஆகலாம். நேற்றுவரை திருச்சியிலிருந்து வந்தவர் இன்று வெளிநாட்டு ஐபியில் வந்தால் வங்கியின் பாதுகாப்பு ஏற்பாடு சந்தேகப்படும். சித்தியை அடிக்கடி வெளியேற்றி மறுபடி ஓடிபி கேட்டது அதனால்தான் இருக்க வேண்டும்.

அப்படியானால் எப்போதுதான் போடுவது? நான் போடுகிற சந்தர்ப்பங்கள் குறைவு. தெரியாத விடுதியின் வைஃபையில், நான் போகிற தளங்களின் பட்டியலை அவர்கள் பார்க்க வேண்டாம் என்று தோன்றும்போது. இருக்கும் ஊரை ஒரு தளத்துக்குக் காட்ட விரும்பாதபோது. அப்போதும் காசு கட்டி வாங்கிய, யார் நடத்துகிறார்கள் என்று தெரிந்த, வெளியாட்கள் தணிக்கை செய்து அறிக்கை வெளியிட்ட ஒன்றைத்தான் போடுகிறேன். இணைப்பு அறுந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிடும் 'கில் ஸ்விட்ச்' அமைப்பையும் போட்டு வைக்கிறேன்; இல்லாவிட்டால் விபிஎன் விழுந்த நொடியில் போன் ஓசையில்லாமல் பழைய வழிக்கே திரும்பிவிடும். இவ்வளவு செய்தும் ஓட்டை இருக்கலாம். 2024 மே மாதம் லெவியதன் செக்யூரிட்டி ஆய்வாளர்கள் 'டனல்விஷன்' என்ற தாக்குதலை விளக்கினார்கள். வைஃபையை நடத்துகிறவரே கெட்டவரானால், பல கணினிகளின் போக்குவரத்தை விபிஎன் குழாய்க்கு வெளியே திருப்பிவிட முடியும். திரையில் இணைப்பு சரியாக இருப்பதாகவே தெரியும். ஆண்ட்ராய்டு போன்கள் இந்த வகைத் தாக்குதலில் சிக்கவில்லை.

உண்மையிலேயே ஆபத்தில் இருப்பவர்களுக்கு, ஊழலை வெளிக்கொண்டு வருகிறவருக்கோ துன்புறுத்தும் கணவரிடமிருந்து தப்பிக்கும் பெண்ணுக்கோ, விபிஎன் மட்டும் போதாது. அவர்களுக்கு டோர் பிரௌசரைத்தான் முதலில் சொல்வேன். அதில் கடிதம் மூன்று மாமாக்கள் வழியாகப் போகிறது. முதலாமவருக்கு அனுப்பியவரைத் தெரியும். மூன்றாமவருக்குப் போகும் இடம் தெரியும். இரண்டும் தெரிந்தவர் யாரும் இல்லை. வேகம் குறைவு. அதிலும் நம் பெயரில் கணக்கைத் திறந்தால் கதை பழையபடிதான். கணவர் அந்தப் போனையே எடுத்துப் பார்க்கிறவர் என்றால் அந்தப் போனில் எதையும் தேடாமல், நம்பகமான வேறொருவரின் போனைப் பயன்படுத்துவதே முதல் படி.

அன்று சித்தி போனில் அந்த விபிஎன்னை நீக்கிவிட்டுச் செட்டிங்ஸில் விளம்பர அடையாள எண்ணை அழித்தோம். வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் வேறுவேறு கடவுச்சொல் வைத்து, இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைப் போட்டோம். தேங்கியிருந்த மென்பொருள் அப்டேட்டை இறக்கினோம். பிறகு எந்தச் செயலி எதற்கெல்லாம் அனுமதி வாங்கி வைத்திருக்கிறது என்ற பட்டியலைத் திறந்து கொடுத்தேன்.

"அப்போ அந்த எட்டு மாசம் அவங்க என்னத்தைப் பாத்திருப்பாங்க?" என்று கேட்டார்.

"உங்க பேங்க் எது, எப்பெப்போ திறந்தீங்க, எந்த லேப்ல ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் பாத்தீங்க, எந்தக் கோயில் தளத்துக்குப் போனீங்க. உள்ளே என்ன இருந்துச்சுன்னு பாத்திருக்க முடியாது, சித்தி."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலைத் தானே விரலால் தள்ளிப் பார்க்க ஆரம்பித்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"இந்தப் பஞ்சாங்கத்துக்கு எங்க அக்கா நம்பரெல்லாம் எதுக்குடா?" என்று கேட்டுக்கொண்டே அந்த அனுமதியை அணைத்தார்.